நான்கு வரிப் பேட்ச் போன வழி: லினக்ஸ் கர்னலில் மாற்றங்கள் ஒன்றுசேரும் முறை

மன்னார்குடியில் பொறியியல் மூன்றாமாண்டு படிக்கும் தம்பி ஒருவர், கல்லூரித் திட்டப்பணிக்காக வாய்க்கால் நீர்மட்டம் அளக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். உள்ளங்கையளவு கணினிப் பலகை, அதில் லினக்ஸ் இயங்குதளம், அதோடு இணைத்த ஓர் அழுத்த உணரி, அவ்வளவுதான் கருவி. உணரி சில வேளைகளில் தொடங்காமல் நின்றுவிடும். அப்போது அதற்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி மட்டும் அணையாமல் கிடப்பதையும், அதனால் பேட்டரி ஒரே இரவில் தீர்ந்துபோவதையும் கவனித்தவர், உணரியை இயக்கும் நிரலான டிரைவரின் மூல நிரலைத் திறந்து பார்த்திருக்கிறார். பிழை அங்கேயே இருந்தது. தொடக்கத்தில் ரெகுலேட்டரை இயக்கும் நிரல், அடுத்த படியில் தவறு நேர்ந்தால் அதை அணைக்காமலே திரும்பிவிடுகிறது. ரெகுலேட்டர் என்றால் டெல்டாக்காரர்களுக்கு ஆற்றின் குறுக்கே ஷட்டர் வைத்துக் கட்டிய கட்டுமானம். இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில் அது மின்னழுத்தத்தைச் சீராக்கும் உறுப்பு. "ஷட்டரத் தூக்கிட்டு மூடாமப் போயிட்டாங்கண்ணே" என்று அவர் சொன்னதைவிடச் சுருக்கமாக அந்தப் பிழையை விளக்க முடியாது.

நான்கு வரியில் திருத்தம் எழுதி, பலகையில் ஓட்டிப் பார்த்து, அந்த டிரைவரைக் கவனிப்பவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். இப்படி அனுப்பும் மாற்றத்துக்குப் பேட்ச் என்று பெயர். மூன்று வாரம் ஆகியும் பதில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "அவங்க பாக்கவே இல்லையாண்ணே?" என்று கேட்டார். பார்த்திருப்பார்கள், ஆனால் இது அவர்கள் வாங்கும் காலம் அல்ல என்று பதில் சொன்னேன். அந்தப் பதிலை விளக்கப் போனபோதுதான், லினக்ஸ் கர்னலில் நிரல் எழுதுவது சிறிய வேலை என்பதும், எழுதியது யார் கை வழியாக, எந்த நேரத்தில், வேறெதனோடும் மோதாமல் போய்ச் சேர வேண்டும் என்று ஒழுங்குசெய்வதே பெரிய வேலை என்பதும், அந்த ஒழுங்கைக் கட்டளையிட்டு நடத்த அலுவலகம் எதுவும் இல்லை என்பதும் எனக்கே தெளிவாகத் தெரிந்தன.

1991-ல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டொர்வால்ட்ஸ் தொடங்கிய அந்தக் கர்னலில் இன்று 3 கோடிக்கும் மேற்பட்ட வரிகள் இருக்கின்றன. 9 அல்லது 10 வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வெளியாகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் 10,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. இரவு பகல் பாராமல் கணக்கிட்டால் மணிக்கு ஏழெட்டு மாற்றங்கள். இவற்றை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். சம்பளம் கொடுப்பவையோ சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்கள். ஒரு சிப் நிறுவனத்தின் பொறியாளர் எழுதியதை அதன் போட்டி நிறுவனத்தின் பொறியாளர் பரிசோதித்து ஒப்புதல் தருவது அங்கே அன்றாட நடப்பு. டொர்வால்ட்ஸுக்கு லினக்ஸ் ஃபவுண்டேஷன் சம்பளம் தருகிறது. ஆனால் கர்னலுக்குள் எது போக வேண்டும் என்று அது சொல்வதில்லை.

அப்படியானால் சொல்வது யார்? கர்னலின் மூல நிரலோடு 'மெயின்டெய்னர்ஸ்' என்ற ஓர் உரைக்கோப்பு வருகிறது. 20,000 வரிகளைத் தாண்டிய அந்தக் கோப்பை, வருவாய்த் துறையின் அ-பதிவேட்டைப் பார்த்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். இன்ன கோப்புறை, இன்ன கோப்புகள், அவற்றுக்குப் பராமரிப்பாளர் இன்னார், கூடப் பரிசோதிப்பவர் இன்னார், மாற்றங்கள் சேரும் களஞ்சியம் இன்னது என்று புலம் புலமாக எழுதியிருக்கும். ஒவ்வொரு பதிவிலும் அதன் நிலையும் குறிக்கப்பட்டிருக்கும்: சம்பளம் பெற்று ஒருவர் கவனிப்பது, ஆர்வத்தால் ஒருவர் கவனிப்பது, கிடைத்த நேரத்தில் கவனிப்பது, யாருமே கவனிக்காதது. கடைசி வகைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அநாதை'. நிரல் அங்கேயே இருக்கும், இயங்கவும் செய்யும். கேட்பாரில்லை என்பது மட்டும்தான் குறை. மாற்றத்தைக் கொடுத்தால் யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று இந்தக் கோப்பிலிருந்து பெயர்களை எடுத்துத் தரும் ஒரு சிறு ஸ்கிரிப்ட்டும் கூடவே இருக்கிறது. தம்பி அதைச் சரியாகவே ஓட்டியிருந்தார்.

அவருடைய டிரைவர், உணரிகளுக்கான துணைப்பகுதியைச் சேர்ந்தது. தொழில்துறை உள்ளீடு-வெளியீடு என்ற பொருளில் அதை ஐஐஓ என்பார்கள். அந்தத் துணைப்பகுதியின் பராமரிப்பாளர் தம் களஞ்சியத்தில் சேர்த்துக்கொண்ட மாற்றங்களைத் தொகுத்து, பலவகைச் சிறு டிரைவர்களைக் கவனிக்கும் கிரெக் க்ரோவா-ஹார்ட்மனுக்கு அனுப்புவார். அவர் தமக்கு வந்த தொகுப்புகளையெல்லாம் சேர்த்து டொர்வால்ட்ஸுக்கு அனுப்புவார். ஐஐஓ களஞ்சியத்தில் இதற்கென இருக்கும் கிளையின் (மாற்றங்களைத் தனி வரிசையாக வைக்கும் பிரிவின்) பெயரே 'டுகிரெக்', அதாவது 'கிரெக்குக்கு'. அவசரத் திருத்தங்களுக்கு 'ஃபிக்ஸஸ்-டுகிரெக்' என்று இன்னொரு கிளை. தபால் நிலையத்தில் ஊர்ப்பெயர் எழுதிய பைகளைப் போல, போகும் இடம் பெயரிலேயே இருக்கிறது. மூணாறு தலைப்பில் வெண்ணாறு, பாமணியாறு, கோரையாறு என்று பிரியும் நீரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் படம் தலைகீழாகத் தோன்றும். ஆறு மேலிருந்து கீழே பிரிந்துபோகிறது; கர்னலில் கன்னி வாய்க்கால்கள் கிளை வாய்க்கால்களில் சேர்ந்து, அவை ஆற்றில் சேர்ந்து, எல்லாம் கடைசியில் ஒரே தலைப்பை நோக்கி ஏறிப்போகின்றன.

டொர்வால்ட்ஸ் இந்தப் பத்தாயிரத்தையும் வரி வரியாகப் படிப்பதில்லை. எந்த மனிதராலும் முடியாது. அவர் எடைபோடுவது, தமக்குத் தொகுப்பு அனுப்பும் பராமரிப்பாளர்கள் இதுவரை எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை. அவர்களும் தங்களுக்குக் கீழே உள்ளவர்களை அப்படித்தான் எடைபோடுகிறார்கள். இந்த நம்பிக்கைச் சங்கிலியின் தடயம் ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் எழுத்தாகவே நிற்கும். எழுதியவர் 'சைன்ட்-ஆஃப்-பை' என்று தம் பெயரையும் மின்னஞ்சலையும் இட வேண்டும். அதை ஏற்றுக்கொண்ட பராமரிப்பாளர் அதன் கீழே தம் பெயரை இட வேண்டும். இடையில் பரிசோதித்தவர், ஓட்டிப் பார்த்தவர், பிழையை முதலில் சொன்னவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு வரி உண்டு. இது வெறும் சம்பிரதாயமாகத் தோன்றலாம். ஆனால் தங்களுக்குச் சொந்தமான, யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் நிரல் லினக்ஸுக்குள் புகுந்துவிட்டது என்று 2003-ல் எஸ்சிஓ நிறுவனம் வழக்குத் தொடுத்தபோது, எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்று காட்ட ஒழுங்கான ஏற்பாடு இல்லாததன் ஆபத்து எல்லோருக்கும் உறைத்தது. அதன் பிறகு 2004-ல் வந்த விதி இது. பெயரிடுகிறவர், இதை அனுப்பும் உரிமை எனக்கு உண்டு என்று உறுதி சொல்கிறார்.

இனி, தம்பி காத்திருந்த அந்த மூன்று வாரங்களுக்கு வருவோம்.

ஒரு பதிப்பு வெளியானதும் இரண்டு வாரம் மட்டும் டொர்வால்ட்ஸ் புதிய வசதிகளை வாங்கிக்கொள்வார். இதற்கு மெர்ஜ் விண்டோ என்று பெயர். அந்த இரண்டு வாரத்தில்தான் அந்தப் பதிப்புக்கான மாற்றங்களில் மிகப் பெரும்பகுதி உள்ளே வருகிறது. பிறகு மடை அடைக்கப்பட்டு 'ஆர்சி1' என்ற முதல் சோதனைப் பதிப்பு வெளியாகும். அதிலிருந்து வாரம் ஒன்றாக ஆர்சி7 வரை, சில சமயம் ஆர்சி8 வரை, பிழைத்திருத்தம் மட்டுமே ஏற்கப்படும். ஒவ்வொன்றும் ஞாயிற்றுக்கிழமை வெளியாகும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஞாயிறு பிற்பகல் என்பதால், காவிரிக் கரையில் இருக்கிறவர்களுக்கு அது பெரும்பாலும் திங்கள் அதிகாலை. தம்பி தமது பேட்சை அனுப்பியது ஆர்சி7 வெளியான வாரத்தில். அந்த நேரத்தில் பராமரிப்பாளர்கள், அடுத்த வாரம் திறக்கப் போகும் மெர்ஜ் விண்டோவுக்குத் தங்கள் தொகுப்பைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். திறந்த பிறகோ, அனுப்பியது எங்காவது உடைக்கிறதா என்று பார்ப்பதிலேயே இரண்டு வாரம் ஓடிவிடும். அப்போது வரும் புதிய பேட்ச்கள், ஆர்சி1 வரும்வரை அஞ்சல்பெட்டியில் கிடக்கும். வலையமைப்புத் துணைப்பகுதியில் இதை வெளிப்படையாகவே அறிவித்துவிடுவார்கள்: புதிய வசதிகளுக்கான 'நெட்-நெக்ஸ்ட்' களஞ்சியம் மூடியிருக்கிறது, திறந்த பிறகு அனுப்புங்கள் என்று. எல்லாத் துணைப்பகுதிகளும் அப்படிப் பலகை மாட்டுவதில்லை. புதியவர்கள் ஏமாந்துபோவது அங்கேதான்.

இரண்டு வாரம் மடை திறந்திருக்கும் என்றால், அந்த இரண்டு வாரத்தில் எழுதி அனுப்பிவிடலாம் என்று பொருள் கொள்ளக்கூடாது. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்த பிறகு விதைநெல் தேடிப் போகிறவனுக்குக் குறுவை கிடையாது. மெர்ஜ் விண்டோவில் போக வேண்டியது அதற்கு முன்பே எழுதப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு, துணைப்பகுதியின் களஞ்சியத்தில் சில வாரங்கள் ஊறியிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் புதிதாகத் தொகுப்பில் திணிக்கப்பட்டவை கண்ணில் பட்டால் டொர்வால்ட்ஸ் சினங்கொள்வது வழக்கம். தொகுப்பையே திருப்பி அனுப்பியதும் உண்டு.

இந்த முறை தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. 2.4 பதிப்பு 2001 ஜனவரியில் வந்தது. அடுத்த நிலையான பதிப்பான 2.6 வர 2003 டிசம்பர் ஆயிற்று. கிட்டத்தட்ட மூன்று ஆண்டு இடைவெளியில் புதிய வன்பொருள் வாங்கியவர்கள் காத்திருக்க முடியாமல், நிறுவனங்கள் தத்தம் போக்கில் புதியவற்றைப் பழைய கர்னலில் ஒட்டுப்போட்டு விற்றன. அடுத்த வண்டி எப்போது வரும் என்று தெரியாதபோது எல்லோரும் வந்த வண்டியில் முண்டியடித்து ஏறுவதைப் போல, அரைகுறையானவையும் உள்ளே நுழையப் பார்த்தன. 2005-ல் மெர்ஜ் விண்டோ முறை நிலைபெற்ற பிறகு அந்த நெருக்கடி தணிந்தது. இந்தத் தடவை தவறினால் பத்து வாரத்தில் அடுத்த தடவை நிச்சயம் வரும். என்னைக் கேட்டால், கர்னல் நிர்வாகத்தில் செய்யப்பட்ட மாற்றங்களிலேயே அதிகப் பலன் தந்தது, எந்தத் தொழில்நுட்பமும் இல்லாத இந்த நாள்காட்டிதான்.

நாள்காட்டி, நேரச் சிக்கலைத் தீர்க்கிறது, மோதலைத் தீர்ப்பதில்லை. இரண்டு பேர் ஒரே கோப்பின் ஒரே வரியை மாற்றினால், மாற்றங்களைப் பதிந்து இணைக்கும் கிட் என்ற கருவி அதைக் கண்டுபிடித்து நின்றுவிடும். மனிதர் பார்த்துச் சரிசெய்யலாம். அது எளிய மோதல். கடினமானது, கருவியின் கண்ணுக்குத் தெரியாதது. ஒரு துணைப்பகுதியின் பராமரிப்பாளர், தம் பகுதியில் உள்ள ஒரு செயற்கூற்றுக்கு (பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் துண்டுக்கு) இரண்டு உள்ளீடுகளுக்குப் பதிலாக மூன்று வேண்டும் என்று மாற்றி, அதை அழைக்கும் எல்லா இடங்களையும் தேடித் திருத்திவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே வாரத்தில் வேறொரு துணைப்பகுதியில், அதே செயற்கூற்றைப் பழையபடி இரண்டு உள்ளீடுகளோடு அழைக்கும் புதிய டிரைவர் ஒன்று சேர்க்கப்படுகிறது. தனித்தனியே இரண்டு களஞ்சியங்களின் மூல நிரலும் பிழையின்றி இயங்கு நிரலாக உருவாகும். இரண்டும் தொட்ட கோப்புகள் வேறு என்பதால் கிட்டும் முணுமுணுக்காமல் இணைத்துவிடும். இணைந்த கர்னல் மட்டும் உருவாகாது. அதைவிட மோசம், உள்ளீடுகளின் எண்ணிக்கை மாறாமல் பொருள் மட்டும் மாறியிருந்தால்: கர்னல் உருவாகும், ஓடும், என்றோ ஒரு நாள் யாருடைய கோப்பையோ கெடுக்கும்.

இத்தகைய மோதல்கள் மெர்ஜ் விண்டோவில் டொர்வால்ட்ஸின் மேசையில் வெடிக்காமல் முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதற்காக, 2008-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டீபன் ராத்வெல் 'லினக்ஸ்-நெக்ஸ்ட்' என்ற களஞ்சியத்தைத் தொடங்கினார். வேலைநாள்தோறும் நூற்றுக்கணக்கான துணைப்பகுதிக் களஞ்சியங்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கர்னலை உருவாக்கிப் பார்த்து, உடைந்த இடத்தில் யாரும் யாரும் மோதினார்கள் என்று இருவருக்கும் கடிதம் எழுதி, தற்காலிகத் திருத்தம் ஒன்றைப் போட்டுக்கொண்டு மேலே போவது அந்த வேலை. மறுநாள் அதைத் தூக்கியெறிந்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து கட்டுவார்கள். புதிய வசதி எதையும் எழுதாத, பெரும் புகழும் இல்லாத வேலை. ஆனால் அறுவடைக்கு முன்பே இந்த வரப்பில் தகராறு வரும் என்று சொல்லிவிடும் அந்த வேலை இல்லாவிட்டால், பத்து வாரக் கணக்கு ஒருமுறைகூட நிற்காது.

தகராறு தெரிந்துவிட்டது, திருத்த வேண்டியவர் யார்? இங்கே கர்னலில் ஒரு விதி இருக்கிறது, என் பார்வையில் மற்ற எல்லா விதிகளும் அதன்மேல்தான் நிற்கின்றன: கர்னலின் பகுதிகள் ஒன்றையொன்று அழைக்கும் முறையான உள் இடைமுகத்தை மாற்றுகிறவர், அதைப் பயன்படுத்தும் எல்லோரையும் தாமே திருத்திக் கொடுக்க வேண்டும். மாற்றிவிட்டேன், இனி உங்கள் பாடு என்று சொல்ல முடியாது. இதன் மறுபக்கம், உள் இடைமுகங்கள் மாறாமல் இருக்கும் என்று கர்னல் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பொது மரத்துக்குள், அதாவது கர்னலின் பொதுக் களஞ்சியத்துக்குள், இருக்கும் டிரைவரை இடைமுகத்தை மாற்றுகிறவரே திருத்துவார், வெளியே தனியாக வைத்திருப்பவர் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் கர்னலுக்கு வெளியே ஓடும் செயலிகள் விஷயத்தில் விதி நேர் எதிர்: நேற்று ஓடிய செயலி இன்று புதிய கர்னலில் ஓடாவிட்டால், குற்றம் எப்போதும் கர்னலுடையதே.

இந்த விதியின்படி நடப்பது எவ்வளவு பொறுமையைக் கேட்கும் என்பதற்குச் சமீபத்திய உதாரணம் ஒன்று. பிளாட்ஃபார்ம் டிரைவர்கள் எனப்படும் பெருங்கூட்டத்துக்கு, சாதனம் நீக்கப்படும்போது அழைக்கப்படும் 'ரிமூவ்' என்ற செயற்கூறு உண்டு. அது ஓர் எண்ணைத் திருப்பித் தர வேண்டும் என்று நெடுங்காலமாக இருந்தது; திரும்பி வரும் பிழை எண்ணைக் கர்னலோ பொருட்படுத்துவதில்லை. இதைக் கவனியாத நிரலர்கள், பிழை என்று சொல்லிவிட்டால் நீக்கம் நின்றுவிடும் என்று நம்பி நினைவகத்தை விடுவிக்காமல் விட்டுவந்தார்கள். எதையும் திருப்பித் தராத செயற்கூறாக மாற்றிவிட்டால் அந்த ஏமாற்றமே எழாது. ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிரைவர்கள், பல பத்துப் பராமரிப்பாளர்களின் களஞ்சியங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே நாளில் மாற்றினால் லினக்ஸ்-நெக்ஸ்ட் முழுவதும் மோதலாகும். ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு நிரலர் தேர்ந்த வழி, பழைய மதகை இடிக்காமல் பக்கத்திலேயே புது மதகு கட்டுவது. 2023-ல் வந்த 6.3 பதிப்பில் 'ரிமூவ்-நியூ' என்று புதிய இடைமுகம் ஒன்று சேர்க்கப்பட்டது. பழையதும் இயங்கியது. பிறகு துணைப்பகுதி துணைப்பகுதியாக, அந்தந்தப் பராமரிப்பாளரின் களஞ்சியம் வழியாகவே, டிரைவர்கள் ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாறின. பழையதைப் பயன்படுத்துவோர் எவரும் இல்லை என்றான பிறகு, 2024-ல் வந்த 6.11 பதிப்பில் பழைய 'ரிமூவ்' என்ற பெயருக்கே புதிய வடிவம் கொடுக்கப்பட்டது. அதன் பிறகு எல்லா டிரைவர்களும் மீண்டும் பழைய பெயருக்குத் திரும்பின. ஒரு சொல்லை மாற்ற இரண்டு முறை ஊர்வலம். ஆனால் இடையில் ஒரு நாள்கூட யாருடைய கர்னலும் உருவாகாமல் நிற்கவில்லை என்பதே அதன் நோக்கம்.

இப்படிக் காத்திருக்க முடியாதபோது இன்னொரு வழி உண்டு. இரண்டு துணைப்பகுதிகளுக்கும் பொதுவான மாற்றத்தை மட்டும் தனிக் கிளையாக ஒருவர் வைத்து, இனி இதை மாற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுப்பார்; இருவரும் அதே கிளையைத் தங்கள் களஞ்சியத்தில் இணைத்துக்கொள்வார்கள். இரு பக்கமும் இருப்பது ஒரே கமிட் (கிட்டில் பதிந்த ஒரு மாற்றம்) என்பதால், மேலே போய்ச் சேரும்போது மோதல் இராது. இதில் எல்லாமே அந்த வாக்கைப் பொறுத்தது. வெளியிட்ட கிளையின் வரலாற்றைத் திருத்தி எழுதுவது, அதாவது ரீபேஸ் செய்வது, பராமரிப்பாளர்களிடையே பெரும் பிழையாகக் கருதப்படுவதன் காரணம் இதுதான். ஒருவர் திருத்தினால் அதன்மேல் கட்டிய அத்தனை பேரின் கணக்கும் கெடும்.

எல்லாம் கடந்தும் மிஞ்சுகிற எளிய மோதல்களைப் பராமரிப்பாளர்கள் முன்கூட்டியே சரிசெய்து மறைப்பதை டொர்வால்ட்ஸ் விரும்புவதில்லை. மோதலைத் தம்மிடம் வரவிட்டால், எந்தப் பகுதியும் எந்தப் பகுதியும் உரசுகின்றன என்று தமக்குத் தெரியும் என்பது அவர் பக்கம். தொகுப்புகள் அவரிடம் போகும்போது கையொப்பமிட்ட முத்திரையோடு போகின்றன. 2011-ல் கர்னல் களஞ்சியங்களைத் தாங்கும் சர்வர்களில் அந்நியர் நுழைந்த பிறகு, முகவரியை மட்டும் நம்புவது போதாது என்று அந்த வழக்கம் வேரூன்றியது.

கிட் என்ற கருவியே இந்த ஒருங்கிணைப்புச் சிக்கலிலிருந்து பிறந்ததுதான். 1990-களின் இறுதியில் பேட்ச்கள் எல்லாம் மின்னஞ்சலில் நேராக டொர்வால்ட்ஸுக்கே போயின. பல பதிலின்றி மறைந்தன. அனுப்பியவர்கள் மீண்டும் மீண்டும் அனுப்பிச் சலித்தார்கள். ஒரே மனிதர் இந்தப் பளுவைத் தாங்க மாட்டார் என்ற பேச்சு 1998-லும் 2002-லும் வெளிப்படையாக வெடித்தது. 2002-ல் நிரல் மாற்றங்களைக் கையாளும் பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளை அவர் பயன்படுத்தத் தொடங்கினார். கட்டற்ற மென்பொருளுக்கு வணிகக் கருவியா என்ற முணுமுணுப்பு மூன்றாண்டு நீடித்தது. 2005-ல் அந்த நிறுவனம் இலவச உரிமத்தைத் திரும்பப் பெற்றதும், டொர்வால்ட்ஸ் ஏப்ரல் தொடக்கத்தில் தாமே ஒரு கருவி எழுத உட்கார்ந்தார். அதே ஏப்ரல் 16-ஆம் தேதி கர்னலின் நிரல் கிட்டில் ஏறியது. ஒவ்வொருவரிடமும் முழுக் களஞ்சியமும் இருக்கும், எவரும் எவரிடமிருந்தும் இழுத்துக்கொள்ளலாம் என்ற அதன் அமைப்பு, பராமரிப்பாளர் சங்கிலியின் அச்சு அசலான வார்ப்பு.

விதிகள் எவ்வளவு நல்லவையானாலும் மனிதர்கள் மோதத்தான் செய்வார்கள். பிகேஷ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பில் கர்னலுக்குள் சேர்ந்தது. திருத்தம் மட்டும் அனுப்ப வேண்டிய ஆர்சி வாரங்களில் அதன் ஆசிரியர் பெரிய மாற்றங்களை அனுப்பியதும், பயனர்களின் தரவைக் காக்க அவை தேவை என்று அவர் வாதிட்டதும், டொர்வால்ட்ஸ் மறுத்ததும் பலமுறை நடந்தன. 6.17-ல் அது வெளியே பராமரிக்கப்படுவது என்று குறிக்கப்பட்டு, 2025 இறுதியில் வந்த 6.18-ல் மரத்திலிருந்தே நீக்கப்பட்டது. அதை நம்பி வட்டுகளை அமைத்தவர்களுக்கு இது கொடுமைதான். ஆனாலும் முறையைத் தாண்டி ஒருவருக்குத் தண்ணீர் விட்டால், மறுவாரம் எல்லோரும் மண்வெட்டியோடு மதகில் நிற்பார்கள் என்பது டெல்டாவில் பிறந்த எவருக்கும் சொல்லாமலே தெரியும். இந்த விஷயத்தில் நான் நாள்காட்டியின் பக்கம்தான்.

ரஸ்ட் என்ற புதிய நிரல்மொழியின் விவகாரம் அவ்வளவு எளிதன்று. 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் ரஸ்ட்டுக்கு முதல் இடம் கிடைத்தது. உடைத்தவரே ஒட்ட வேண்டும் என்ற பழைய விதி அங்கே இடறுகிறது: கர்னலின் பெரும்பகுதி எழுதப்பட்ட சி மொழியில் இடைமுகத்தை மாற்றுகிறவருக்கு ரஸ்ட் தெரியாவிட்டால், அதைப் பயன்படுத்தும் ரஸ்ட் நிரலை யார் திருத்துவது? நாங்களே திருத்திக்கொள்கிறோம் என்று ரஸ்ட் தரப்பு சொன்னது. அது வாய்வார்த்தை, நாளடைவில் சுமை எங்கள்மேல்தான் விழும் என்று மூத்த பராமரிப்பாளர்கள் சிலர் அஞ்சினார்கள். 2025 தொடக்கத்தில் டிஎம்ஏ எனப்படும் நேரடி நினைவக அணுகல் பகுதியை முன்னிட்டு இது கடுமையான சண்டையாக மூண்டு, இரு தரப்பிலும் சிலர் பொறுப்பைத் துறந்தனர். ரஸ்ட் வேண்டாதவர் அதைத் தொட வேண்டியதில்லை, ஆனால் தம் இடைமுகத்தை வெளியே யார் பயன்படுத்தலாம் என்று தடுக்கவும் முடியாது என்பது டொர்வால்ட்ஸ் சொன்ன தீர்ப்பின் சாரம். மூத்தவர்களின் அச்சத்தை வெறும் பிடிவாதம் என்று நான் தள்ள மாட்டேன். பத்தாண்டு கழித்தும் அந்த நிரலுக்குப் பதில் சொல்லப் போகிறவர்கள் அவர்கள்தான்.

ஏனென்றால் இந்த அமைப்பு முழுவதிலும் பற்றாக்குறையாக இருப்பது எழுதுகிறவர்கள் அல்லர், படிக்கிறவர்கள். நிறுவனங்கள் தங்கள் சாதனத்துக்கு டிரைவர் எழுத ஆள் வைக்கின்றன; அடுத்தவர் எழுதியதைப் பரிசோதிக்கத் தனியாக ஆள் வைப்பது அரிது. கிராஃபிக்ஸ் துணைப்பகுதியில் ஒரு பொதுக் களஞ்சியத்தில் பலருக்குச் சேர்க்கும் உரிமையைக் கொடுத்துச் சுமையைப் பகிர்ந்திருக்கிறார்கள். இயந்திரங்களும் கைகொடுக்கின்றன: இன்டெல் நடத்தும் சோதனை ரோபோ, களஞ்சியங்களில் ஏறும் மாற்றங்களைப் பல அமைப்புகளில் உருவாக்கிப் பார்த்து உடைந்தால் கடிதம் போடுகிறது, கூகுளின் சிஸ்பாட் கர்னலைத் தாறுமாறான அழைப்புகளால் தாக்கிப் பிழை கண்டுபிடிக்கிறது. ஆனால் பிழை இருக்கிறது என்ற கடிதத்தையும் ஒரு மனிதர்தானே படித்தாக வேண்டும்.

தம்பியின் பேட்சுக்கு ஆர்சி1 வந்த நான்காம் நாள் பதில் வந்தது. திருத்தம் சரி, ஆனால் இந்தப் பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று 'ஃபிக்ஸஸ்' வரி போடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ரெகுலேட்டர் தானாகவே அணையும் நவீன முறைக்கு டிரைவரையே மாற்றலாமே என்று பரிசோதகர் ஒருவர் சொன்னார். அது தனிப் பேட்சாகப் பிறகு வரட்டும், பழைய பதிப்புகளுக்கும் போக வேண்டிய திருத்தம் சிறியதாகவே இருக்கட்டும் என்று அந்தப் பேச்சு முடிந்தது. பழைய கமிட்டைத் தேடி, அதன் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்துகளையும் தலைப்பையும் எழுதி, இரண்டாம் பதிப்பை அனுப்பினார். அது முதலில் ரோபோக்கள் தட்டிப் பார்க்க 'டெஸ்டிங்' கிளையிலும், பிறகு 'ஃபிக்ஸஸ்-டுகிரெக்' கிளையிலும் ஏறியது. ஆர்சி5-ல் டொர்வால்ட்ஸின் மரத்தில் இருந்தது.

சில நாள் கழித்து அவருக்குத் தானியங்கிக் கடிதம் ஒன்று வந்தது. உங்கள் பேட்ச் நிலைப்பதிப்பு ஒன்றில் சேர்க்கப்பட்டுள்ளது, சேர்க்கக்கூடாது என்று கருதினால் தெரிவிக்கவும் என்று. டொர்வால்ட்ஸின் மரத்தில் முதலில் ஏறாத எதையும் நிலைப்பதிப்பில், அதாவது ஏற்கெனவே வெளியாகித் திருத்தங்கள் மட்டும் பெறும் பதிப்பில், சேர்ப்பதில்லை என்பதால், கீழ்நோக்கிய இந்தப் பயணம் மேலே போய்த் தொட்ட பிறகுதான் தொடங்குகிறது. இதற்கு என்ன பதில் எழுத வேண்டும் என்று பதறிப்போய்க் கேட்டார். ஒன்றும் எழுத வேண்டாம் என்றேன்.

அவருடைய பலகையில் மட்டும் அந்தத் திருத்தம் இன்னும் வரவில்லை. பலகையை விற்ற நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முந்தைய கர்னலில் தன் சொந்த ஒட்டுகளைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. நிலைப்பதிப்பில் வருவதை அது எப்போது எடுத்துக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேட்டூரில் திறந்து, கல்லணை கடந்து, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் நிலை. தாமே எழுதிய நான்கு வரியைத் தாமே கையால் அந்தப் பழைய கர்னலில் ஒட்டி, இரவு முழுதும் மடிக்கணினியைச் சூடேற்றி, காலையில் மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு அவர் வாய்க்காலுக்குப் போனார்.